சார் எரிக்கச் சொன்ன அட்டைகள்

என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சென்னையில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் விருந்தினர் விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்தேன். நான் சார் என்று கூப்பிடும் முதலாளிக்கு என் ரசம் பிடித்துப்போய், என்னை நியூஜெர்சிக்கே அழைத்து வந்துவிட்டார். மான்மவுத் ஜங்ஷன் பக்கத்தில் பெரிய வீடு. அவரும் நானும் மட்டும். தாத்தா தொடங்கி அப்பா பெருக்கிய ஆலைகளின் பணம் அவருக்கு வந்துகொண்டே இருந்தது. ஹிட்லர் யுத்த காலத்தில் ஜெர்மனியில் அப்பாவின் ஆலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் விரும்பி வந்தவர்கள் என்று சாப்பிடும்போது சொல்வார். நான் கேட்டதே இல்லை. கேட்காதவனிடம் எதற்குச் சொல்கிறார் என்று உறுத்தும்.

தபால் எடுக்க என்னை விடமாட்டார். வாசல் மணி அடித்தால் மாடித் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்தார். அவருடைய அம்மாவைப் பதினாறு வயதில் உக்ரைனிலிருந்து அந்த ஆலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். இப்போது ஜெர்மனியில் நஷ்டஈடு தருவதாகப் பேச்சு. அங்கே வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லை. பழைய பதிவேடு ஏதாவது இருக்குமா என்று கேட்டார். சார் படியில் நின்று கையை ஆட்டினார். சார் ஊரில் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கிரீன் கார்டுக்காக என் விரல்களில் மை தடவி உருட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, ஒரு டம்ளரைக்கூடத் தூக்காத சார், பரணிலிருந்து இரண்டு பெட்டிகளைத் தானே இறக்கினார். ஃபயர்பிளேஸில் போடச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் கெட்டி அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்பிள்ளையின் போட்டோ, இரண்டு விரல் ரேகை. மற்றது ஜெர்மன், எனக்குப் படிக்கத் தெரியாது. போன் அடித்தது, சார் எழுந்து போனார். ஒரு முகத்தில் வாசலுக்கு வந்த பெண்ணின் அடர்த்தியான புருவம் இருந்தது. அதை மட்டும் பனியனுக்குள் செருகிக்கொண்டேன்.

என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போகும் நண்பர், பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் இருக்கும் திருநெல்வேலிக்காரர், நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வே, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் உமக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. ரசம் வைக்கத்தானே கூட்டிட்டு வந்தாரு? ரசத்தை வையும்.”

ஒரு வருஷத்துக்கு மேல் ரசத்தை வைத்தேன். அட்டை சாம்பார்ப்பொடி டப்பாவுக்குள், பொடிக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. எல்லாம் எரிந்ததா என்று சார் அவ்வப்போது கேட்பார். எரிந்தது என்பேன். கார்டு வந்ததும் வேலையை விட்டேன். கிளம்பும் நாளில் சாரே என் பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினார். டப்பாவைத் திறந்ததும் தும்மல் வந்து மூடிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணி, அட்டையைத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் கூப்பிட்டார்.

“இது அம்மா இல்லை. ஆலையில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவளாம். மீதி எங்கே என்று அம்மா கேட்கிறார்.”

சொன்னேன். பிறகு அவர், பார்த்ததை உங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதுங்கள், மொழிபெயர்த்து மனுவோடு வைக்கிறேன் என்றார். என்னைப் போன்றவன் எழுதினால் அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன். இரண்டு பெட்டி நிறைய இருந்தது. போட்டது நான்தான்.

4 மார்ச் 2001, ஞாயிற்றுக்கிழமை.