கருப்பனுக்கு மட்டும் கோழி

இன்று காலை சிலிபின் பாசார் சந்தையில், கோழிக்கடை முன்னால் எங்கள் தெரு சரோஜா அக்கா நின்றிருந்தார். புரட்டாசி முழுக்க முட்டையைக்கூடத் தொடாதவர்.

“என்னக்கா, விரதத்த முடிச்சிட்டீங்களா?” என்றேன்.

“எனக்கு இல்லலா, எங்க நாய் கருப்பனுக்கு. அதுக்கும் வயசாயிருச்சு. வெறும் பிஸ்கட் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிருது. நெஞ்சுக்கறியும் பூசணியும் கேரட்டும் வேகவச்சு, பிஸ்கட் மேல கொஞ்சம் போட்டாத்தான் சாப்பிடுது.”

இந்த மாதம் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. அதனால் பின்வாசலில் தனி அடுப்பு, தனிச் சட்டி. உப்பு, வெங்காயம் எதுவும் சேர்ப்பதில்லை. வெந்ததைக் கருப்பனுக்கு வைத்துவிட்டு, மறுபடியும் தலைக்குக் குளித்த பிறகுதான் விளக்கேற்றுகிறாராம். தினமும்.

அசந்துபோய்விட்டேன்.

“ருசி பாக்காமலா ஆக்குறீங்க?”

“சாமிக்குப் படைக்கிறதையும் ருசி பாக்காமத்தான ஆக்குறேன். சாமி இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. இவன் தட்டையே நக்கி வச்சிடுறான்.”

கிளம்பும்போது என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார்.

“ஆமா தம்பி, உங்க வீட்லதான் நாய் இல்லையே. ரெண்டு கோழி யாருக்கு?”

நல்ல பதில் இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள். நாளைக்கும் அந்தத் தெருவில்தான் நான் குடியிருக்க வேண்டும்.