வடிகட்டிய துணி

கேன் தண்ணீரையும் மருமகள் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுகிறாள். அந்த ஈரத்துணியின் வாசனை என்னை அறுபதுகளின் மேல்சித்தாமூருக்கு இழுத்துப் போய்விடுகிறது.

எங்களுடையது சமணக் குடும்பம். அம்மா கிணற்றுத் தண்ணீரை வடிகட்டியதும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே கிணற்றில் விடுவது என் வேலை. "பாத்து எறக்குடா, அதுங்க வூடு அதான்" என்பாள்.

சித்தப்பாக்களுக்குப் பிள்ளைகள் பெருகி, ஒரு போக நெல் போதாமல் போயிற்று. மாடு கட்டி இறைத்த அந்தக் கிணற்றில் நைனா மோட்டார் வைத்தார். "மாடுன்னா தண்ணி காட்டணும். இதுக்கு அதுவும் வேணாம்" என்று சிரித்தார். கடைசிப் படி தெரிந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒருநாள் செஞ்சிக்குப் போனார். குழாயடியில் குளிக்கும் சுகத்தில் நான் நிறுத்தவில்லை. மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிய பிறகே எட்டிப் பார்த்தேன். கெண்டைக் குஞ்சுகள் சேற்றில் வாயைத் திறந்து திறந்து மூடின.

துணியோடு வந்த அம்மா திட்டவில்லை. "இதுங்கள எங்கடா வுடறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஊறிய தண்ணீரை மறுவாரமும் அப்படியே இறைத்தேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இப்போது அந்தக் கிணற்றில் குப்பை கொட்டுகிறார்கள்.

மருமகள் துணியைப் பிழிந்து கொடியில் போடுகிறாள். எங்கே விடுவது என்று அவள் கேட்டதே இல்லை.