அண்ணன் கண்டதும் புத்தகத்தில் இருந்ததும்

அண்ணனிடமிருந்து நான்கு மாதமாகக் கடிதம் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கப்பலில் அவன் சமையல்காரனாக இருந்தான். மதினி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் குழித்துறைத் தபாலாபீசுக்கு நடந்து போய், வெறுங்கையோடு திரும்பி வருவாள். நான் மிஷன் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தமிழ்நாட்டோடு சேர இன்னும் சில வருஷங்கள் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் மதினியும் வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் முற்றத்தில் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஆள் கறுத்து மெலிந்திருந்தான். மதினி குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"கப்பலுக்க எஞ்சின் தண்டு ஒடிஞ்சு போச்சு. பதினோரு வாரம் ஒரு மணல்காட்டுத் துறைமுகத்தில கிடந்தோம். எழுதினா நீ பேடிச்சுப் போவியேண்ணு எழுதல்ல."

"எழுதாம இருந்தா பேடிக்கமாட்டேண்ணு நினைச்சியளா?" என்று மதினி கேட்டாள்.

அவன் பெட்டியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து அவளிடம் நீட்டினான். உள்ளே வெள்ளரி விதையைப்போல, ஆனால் அதைவிடத் தடித்த விதைகள். அவள் வாங்காததால் நான் வாங்கி ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பாதாம்பருப்பின் ருசி.

அந்தத் துறைமுகம் ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இருந்தது. இன்று நமீபியா என்கிறார்கள். ஊருக்குள் வெள்ளைக்காரர்கள் போகும் கடைகளில் இவர்களை விடமாட்டார்களாம். மணலுக்குள் போவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. ஆகவே வேலை இல்லாத நாட்களில் அண்ணன் மணலுக்குள் நடந்தான். அங்கே அந்த மண்ணின் ஆட்களில் ஒருவர், கழுதைவண்டியில் காய் பறிக்க வருகிறவர், அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. கையைக் காட்டித்தான் எல்லாம்.

அந்தக் காயின் விதைதான் துணிப்பையில் இருந்தது. செடிக்கு இலையே இல்லை, முழுக்க முள், மணல்மேட்டின்மேல் ஆள் உயரத்துக்குப் புதராகக் கிடக்கும் என்றான். அங்கே ஒரு பறவை இருக்கிறதாம், வானம்பாடி போல. அது வாழ்நாளில் தண்ணீர் குடிப்பதே இல்லையாம். ஒரு கறுப்பு வண்டு, விடியற்காலை மூடுபனியில் மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, தலையைக் கீழேயும் பின்பக்கத்தை மேலேயும் வைத்து நிற்கும். பனி முதுகில் துளியாகி வாய்க்கு வழிந்து வரும். அதைக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும்.

"இதெல்லாம் வேற ஒரு நாட்டிலும் கிடையாதாம். இன்னொண்ணும் உண்டு. ரெண்டே ரெண்டு இலை உள்ள செடி, ஆயிரம் வருஷம் இருக்குமாம். அது நான் காணல்ல. கேட்டதாக்கும்."

சந்தைக்குப் போன இடத்திலும் இதையே சொல்லியிருக்கிறான். ஒரு வாரத்துக்குள் டீக்கடையில் அவனுக்கு 'வண்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு இரண்டு நாள் சந்தைப்பக்கம் போகவில்லை.

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் பொய் சொல்கிறவன் அல்ல. ஆனால் சொல்லும்போது கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக ஊற்றித் தாளிப்பான். நாகர்கோவிலில் கல்லூரி நூலகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை அங்கே போய்த் தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினேன். இரண்டு இலைச் செடி இருந்தது, படத்தோடு. அந்த நாட்டிலும் அதற்கு வடக்கே ஒட்டிய கொஞ்ச நிலத்திலும் மட்டும் வளர்வது என்று போட்டிருந்தது. வண்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு இலைச் செடி உள்ளதுதான். புஸ்தகத்தில இருக்கு. வண்டுதான் இல்ல."

அவன் குழந்தைக்குப் பனையோலையில் காற்றாடி பின்னிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"நான் காணாதது புஸ்தகத்தில இருக்கு. நான் கண்டது இல்ல. அப்ப நான் கண்டது கள்ளமா?"

"அப்பிடிச் சொல்லல்லியே."

"பின்ன எதுக்கு நீ நாகர்கோவில் வரை போனே? என்கிட்ட கேட்டா போதாதா, மக்கா?"

அவன் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மதினி உள்ளேயிருந்து வந்து, "விதை இருக்கில்லா, நட்டுப் பாத்தாப் போச்சு" என்றாள். அவன் வந்தபிறகு அவள் சாதாரணமாகப் பேசிய முதல் பேச்சு அது.

எங்கள் மண்ணில் எதை ஊன்றினாலும் முளைக்கும், ஆனால் எப்போதும் ஈரம். மதினியின் பிறந்த வீடு முட்டத்துக்குப் பக்கத்தில். அங்கே கடலைப் பார்த்து ஒரு மணல்திட்டு அவர்களுக்கு இருந்தது. மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போகிறவர்களால் பஸ் நிரம்பி வழிந்ததால், கடைசிச் சில மைல்களை நடந்தே போனோம். அண்ணன் முழங்கை ஆழம் குழி தோண்டி இருபது விதை போட்டான். ஒரு செம்பு தண்ணீர்தான் ஊற்றினான். மதினி இன்னொரு செம்பு எடுத்து வந்தபோது, "போதும், அதுக்கு நம்ம உபசாரம் பிடிக்காது" என்றான்.

மூன்று முளைத்தன. சித்திரைக் கடைசியில் போனபோது விரல் நீளத்துக்குப் பச்சை முள்ளாக நின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்க்க வந்து, இந்த முள்ளை வளர்க்கவா பஸ் ஏறி வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு மழை பிடித்தது. அந்த வருஷம் வானம் வெளுக்காமல் மூன்று வாரம் பெய்தது. மழை விட்டபின் மதினியோடு போய்ப் பார்த்தால் மூன்றும் மஞ்சளித்துச் சாய்ந்து கிடந்தன. அண்ணன் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் மணலைத் தோண்டத் தொடங்கினான். நானும் முட்டிபோட்டு உட்கார்ந்து தோண்டினேன். வேர் போய்க்கொண்டே இருந்தது. என் குடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குடையைவிட நீளம், அப்போதும் நுனி அறுந்துதான் வந்தது. மேலே ஒரு விரல் செடி, கீழே இவ்வளவு தூரம் வேர். எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் இருக்கும் என்று தேடிக்கொண்டு போயிருக்கிறது. மேலேயிருந்து கொட்டுகிற மழையை அதற்குத் தெரியவில்லை.

மணல் ஒட்டிய கையோடு நான் சொன்னேன், "வண்டும் உள்ளதாக்கும்."

"இது வேராக்கும். வண்டு இல்லியே," என்றான் அண்ணன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

"வேரைக் கண்டதுக்காகச் சொல்லல்ல. நீ கண்டேண்ணு சொன்னதுக்காகச் சொல்லுதேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவன் வேரைச் சுருட்டி மேல்துண்டில் முடிந்துகொண்டான். திரும்பி நடக்கும்போது, அந்தக் கழுதைவண்டிக்காரர் தனக்குப் பாதிப் பழத்தை அறுத்துக் கொடுத்ததையும், பழுக்காததைத் தின்றால் வாய் வெந்துபோகும் என்று முகத்தைக் கோணிக் காட்டியதையும் சொன்னான். மதினி சிரித்தாள்.

ஆடியில் அவன் மறுபடியும் கப்பலுக்குப் போனான். அந்த வருஷம் பாலைவனப் பாடம் வந்தபோது வண்டைக் கரும்பலகையில் வரைந்தேன், தலைகீழாக. ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், நீங்க கண்டியளா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க அண்ணன் கண்டிருக்கான். புஸ்தகத்தில கிடையாது."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்து படத்தை வரையத் தொடங்கினாள்.

இதை அண்ணனுக்கு எழுதினேன். கொழும்பிலிருந்து மதினி பேருக்குப் பதில் வந்தது. வண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தை நடக்கிறானா, கிணற்றுச் சுவரின் வெடிப்பை அடைத்தீர்களா என்று கேட்டிருந்தான். அடுத்த துறைமுகத்தின் பெயரையும், அங்கே போய்ச் சேரும் நாளையும் கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். மதினி அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை உரக்கப் படித்தாள்.