இரண்டு வீட்டில் இரண்டு அப்பா

கடலூரில் என் வீட்டில் இருக்கும்போது அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியாது. சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும். பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டும். தொண்ணூறு தாண்டிய மனிதர். நானும் முகம் சுளிக்காமல்தான் செய்கிறேன். ஆனால் சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறாராம்.

“அவரே குளிக்கிறாரு, அவரே சாப்புடுறாரு. நீதான் ஜாஸ்தி பண்றண்ணே” என்றாள் போனில்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா இங்கே இரண்டு மாதம், அங்கே இரண்டு மாதம் என்று மாறி மாறி இருக்கிறார். தங்கை பகலில் வேலைக்குப் போகிறவள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். ஆள் வேண்டாம் என்பதற்காக அவள் பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் இந்த மனிதர் என்னிடம் நடிக்கிறார். இரண்டில் எது என்றாலும் நல்ல கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற வேகம். யாரை என்பதுதான் தெரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் வீட்டில் பொத்தான் போட வராத அதே விரல்கள். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாறிப்போயிருந்தாலும் எல்லாம் போடப்பட்டிருந்தன. கீரைத்தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, நாற்காலிக் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்தபடி நடந்து, தண்ணீர் குடித்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று பிடிபடவில்லை.

உள்ளே போனேன். அவர் முழங்கையில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தது.

“என்ன இது?”

“போன வாரம் பாத்ரூம் வாசல்ல வுழுந்துட்டாரு. அவரே எழுந்துட்டாரு” என்றாள் தங்கை, நல்ல செய்தி சொல்வதுபோல.

இவரால் முடிகிறது என்று வைத்துக்கொள்வதா, முடியவில்லை என்று வைத்துக்கொள்வதா?

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். வலது கையை நீட்டினார். “வந்துட்டியா? கொஞ்சம் தூக்கி வுடுப்பா.”

“இப்பத்தானே நீங்களா எழுந்து போனீங்க?”

அவர் யோசித்தார். அதில் நடிப்பு இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்.

“ஆமா, போனேன். உன்னப் பாத்தா காலு வர மாட்டேங்குது. ஏன்னு தெரியல.”

“வுடுண்ணே, அவரே எழுந்திருப்பாரு” என்றாள் தங்கை.

நீட்டிய கையை அப்பா மடக்கவில்லை. முழங்கையின் நீலத்தை மறுபடி பார்த்தேன். பிடித்துத் தூக்கிவிட்டேன். பாரம் முழுவதையும் என்மேல் போட்டு அவர் எழுந்து நின்றார்.

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“சாயந்தரம் நீ கடலூர் போயிடுவ. காலையில நான் வேலைக்குப் போயிடுவேன். அப்ப கைய நீட்டிக்கினு உக்காந்திருந்தாருன்னா யாரு வருவா?” என்றாள்.