வாத்தியார் வருந்தவில்லை

மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தக் கைக்குட்டை இன்றும் என் கண்முன் நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணீர் பட்ட துணி அப்படி இருக்காது. கதை எழுதிய எங்கள் வாத்தியார் இறந்துபோய், கோட்டாற்று வாசகசாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் எங்கள் சபை மூப்பர். வாத்தியாரின் வேலையைப் பறித்தவரும் அவரேதான்.

நான் அப்போது மிஷன் வளாகத்தில் ரேந்தை என்ற லேஸ் பின்னும் கூடத்தில் வேலை பார்த்தேன். மடியில் தலையணை, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய சின்னஞ்சிறு கட்டைகள். குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். நாங்கள் பின்னிய ரேந்தை சீமைக்குக் கப்பலேறும். அதில் ஒரு சாண்கூட எங்கள் சட்டையில் ஏறியதில்லை. அந்தக் கூடத்தில் ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். கணீரென்ற குரல். வாத்தியாரின் தொடர்கதை வரும் மாதப் பத்திரிகை கைக்குக் கிடைத்த அன்று, அவள் தலையணையை ஒதுக்கி வைத்துவிட்டு வாசிப்பாள். அவள் பங்கு வேலையை நாங்கள் பிரித்துப் பின்னிக் கொடுப்போம். கூடத்தை நடத்திய துரைசாணி அம்மாவுக்கு இது தெரியும். வேலை குறையாதவரை அவள் கண்டுகொள்ளவில்லை.

வாத்தியாரின் கதைகளில் எங்களைப் போன்ற பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பசித்தது, கோபம் வந்தது, கோவிலில் ஜெபிக்கும்போதே வேறு நினைப்பு ஓடியது. அதனால்தான் அவர்மேல் எங்களுக்கு உயிர். பிறகு அவர் ஒரு புத்தகம் போட்டார். சபைப் பெரியவர் ஒருவர், திக்கற்ற பெண் ஒருத்தியின் தோட்டத்தை ஜெபம் பண்ணிக்கொண்டே தன் பேருக்கு எழுதி வாங்குகிற கதை. யாரை எழுதினார் என்று வாத்தியார் சொல்லவில்லை. எங்கள் மூப்பர் தானாகவே முன்வந்து கோபப்பட்டார். வாத்தியாருக்கு மிஷன் பள்ளிக்கூட வேலை போயிற்று. வீடு வீடாக ஆள் அனுப்பிப் புத்தகங்களைப் பிடுங்கி, கோவிலுக்குப் பின்னால் சருகோடு போட்டு எரித்தார்கள். அந்தப் புகை எங்கள் கூடத்துக்குள்ளும் வந்தது.

அதன்பின் வாத்தியார் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் காலம் தள்ளினார். சயரோகம் வந்ததும் அந்தப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். சபையார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்காவும் நானும்தான் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கஞ்சி கொண்டுபோவோம். கடைசி ஞாயிறும் போயிருந்தோம். இருமலுக்கு நடுவே அவர் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். "அந்தப் புத்தகத்த மறுபடி அச்சுப் போடணும் மக்கா. ஒரு எழுத்து மாத்தப்பிடாது."

கூட்டத்தில் மூப்பர், "நம் சபை ஈன்ற ரத்தினம்" என்றார். படித்த இளைஞர்கள் விம்மினார்கள். பின்னால் பாயில் இருந்த நாங்களும் அழுதோம். அந்த ஆள் வாயால் கேட்டும் எனக்கு அழுகை வந்ததே என்றுதான் இப்போதும் ஆத்திரம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஒரு புத்தகத்தை எழுதியதற்காகக் கடைசியில் அவர் மனம் வருந்தினார். என்னிடமே சொன்னார். நாமும் அவரை மன்னித்துவிடுவோம்."

அக்கா எழுந்தாள். "பொய்யாக்கும் அது."

எல்லாத் தலைகளும் திரும்பின. "ஏட்டி, இரி அங்ஙன" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார்.

"இரிக்க மாட்டேன். மூப்பரே, நீரு அவருக்க வாசல எப்ப மிதிச்சீரு? எழும்ப முடியாம கெடந்த மனுசன் உம்மத் தேடி நடந்து வந்தாரா?"

மூப்பரின் முகம் கறுத்தது. "துக்கக் கூட்டத்துல வழக்குப் பேசுதியா? உனக்கு யாரு சாட்சி?"

"இந்தா, இவளும் இருந்தா. கேளும்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

நான் எழுந்தேன். வாத்தியார் சொன்னதை அப்படியே சொன்னேன். வாத்தியாரின் தம்பி முன்வரிசையில் இருந்தார். அந்தக் கடைசி ஞாயிறு அவரும் அந்த அறையில் இருந்தவர்தான். அவருக்கு மிஷன் பள்ளியில் வேலை, தலை குனிந்துகொண்டார். வாத்தியார் என் உயிர் என்று சற்று முன்பு பேசி அழுத இளைஞன் கூரையைப் பார்த்தான். அவ்வளவு வாசகர்கள் இருந்தார்கள். எழுந்து நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

"உமக்க கண்ணீரும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்" என்றாள் அக்கா. "உயிரோட இருக்கும்ப அவருக்க சோத்தப் பறிச்சீரு. செத்த பெறவு அவருக்க வாயையும் களவாங்காதீரு."

மறுநாளே எங்கள் இருவரையும் கூடத்திலிருந்து நீக்கினார்கள். வாசிப்பும் அதோடு நின்றது. சபைப் பத்திரிகையில் மூப்பரின் பேச்சு முழுதாக வந்தது. அக்கா பேசியதில் ஒரு வரி வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக ஆள் வந்து சொன்னார்கள். "அவரு வந்து எனக்க கிட்ட கேக்கட்டும்" என்று அக்கா கதவைச் சாத்தினாள். பிறகு கருங்கல் ஊருக்குப் போய், ஒரு ஜவுளிக்கடை ஓரத்தில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்தாள். கடைசிவரை அவள் கேட்கவில்லை, மூப்பரும் வரவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

போன வருஷம் வாத்தியாருக்கு நினைவுக் கூட்டம் என்று என்னை அழைத்தார்கள். அவரைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான் மிச்சமாம். எனக்கு முன்னால் பேசிய பையன் உருக்கமாகப் பேசினான். கடைசிக் காலத்தில் அந்தப் புத்தகத்துக்காக வாத்தியார் வருந்தியதுதான் அவருடைய பெருந்தன்மை என்றான். பழைய சபைப் பத்திரிகையில் படித்தானாம்.

நான் எழுந்து, "அது பொய்" என்றுதான் தொடங்கினேன். செயலாளர் ஓடிவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார், கைதட்டச் சொன்னார். சிலர் தட்டினார்கள். நான் பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். இருந்தவர்களுக்குச் சொன்னேன்.