சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்

போன வருடம் மார்கழி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தேன். சாயங்காலம் ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பு. தேர்வில் தேறினால் அங்கே போய், முதியோரைப் பராமரிக்கும் படிப்பில் சேரலாம் என்பது என் கனவு.

அந்த வாரம் என் உயிரை வாங்கியது, நடந்து முடிந்ததைச் சொல்லும் பாடம். அதற்கு 'ஹாபென்', 'சைன்' என்று இரண்டு துணைவினைகள். சாப்பிட்டேன், வாங்கினேன் என்றால் முதலாவது. போனேன், வந்தேன் மாதிரி இடமோ நிலையோ மாறினால் இரண்டாவது. முக்கிய வினை உருவம் மாறி, வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சேலை மடிக்கும்போதும் வாய் இதையே முணுமுணுக்கும். "இவளுக்கு சாமி வந்துடுச்சுப்பா" என்று கூட வேலை செய்யும் அக்கா கிண்டல் செய்வார்.

ஒருநாள் காலை, வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக வந்தார். ஜெர்மன்காரர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்போது வந்தீர்கள், கோயில் பார்த்தீர்களா, சாப்பிட்டீர்களா என்று படித்ததையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். பாவம், பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு பையிலிருந்து, கசங்கிப்போன அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து வைத்து, மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார்.

கடைசி வினைக்காகக் காத்திருந்தேன். வந்தது. நிலை மாற்றம், அதனால் 'சைன்'. புத்தகத்தில் இருந்தது அப்படியே! "ஸேர் கூட்!" என்றேன். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அவர் முகம் மாறியது எனக்கு உறைக்கவே இல்லை.

"இன்னாடி சொல்றாரு?" என்றார் அக்கா.

"அவரு வீட்டுக்காரம்மா போன மாசம் செத்துட்டாங்களாம்க்கா" என்றேன், சிரித்துக்கொண்டே.

தமிழில் சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

"அடிப்பாவி, அதுக்கா பல்ல காட்டிக்கினு நிக்கிற?" என்று அக்கா பதறிப்போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். படித்த ஜெர்மன் எல்லாம் எங்கே போனதோ, "மன்னிச்சிடுங்க சார், தெரியாம சிரிச்சுட்டேன்" என்று தமிழிலேயே கெஞ்சினேன். அவர் சேலையைக் காட்டி, மெதுவாக மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சேலை வாங்க வரவில்லை. பல வருடங்களுக்கு முன் மனைவி இந்த ஊரில் வாங்கிய சேலை அது. மனைவி போன பிறகு இவர் அதை ஆசையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். திரும்ப மடிக்கத் தெரியவில்லை. எப்போதும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு பேருமாகத்தான் மடிப்பார்களாம். தனி ஆளாக மேசைமேல் போட்டு மடிக்கும் விதத்தைக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே மடித்துவிட்டார்.

தேர்வில் அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு தப்புகூட இல்லை. அடுத்த மாதம் கிளம்புகிறேன். அங்கே எத்தனையோ பெரியவர்கள் தங்களுக்கு நடந்து முடிந்ததை என்னிடம் சொல்வார்கள்; அப்போது என் கண் அவர்கள் முகத்தில் இருக்க வேண்டுமே என்ற பயம், தேர்வு பயம் போன பிறகும் எனக்குப் போகவில்லை.