எழுத்து அழிந்த இரண்டு கட்டைகள்

அந்தக் கீபோர்டு இன்றும் என் வீட்டில் இருக்கிறது. டேக் என்னும் கம்ப்யூட்டர் குறி அடிக்கும் இரண்டு கட்டைகளில், '<', '>' இரண்டிலும் மட்டும், எழுத்து இல்லை. பொழியூர் அக்கா அடித்துத் தேய்த்தது. பாறசாலையில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி கேட்டார்கள். நான் இதைக் கேட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. வெளிநாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து, டேக் போட்டு, எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பாக மாற்றும் வேலை. நான் பத்தாம் வகுப்பில் தோற்றவள். பார்த்து அடிப்பேன், அவ்வளவுதான். அறையில் ஒரே பேரில் இரண்டு பெண்கள். எங்கள் பக்கம் அப்படியானால் ஊரைச் சேர்த்து விளிப்போம்: பொழியூர் அக்கா, காரக்கோணம் அக்கா. ஒரு நாளும் குழம்பியதில்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அடித்தவர் பேரை ஒரு கணுவாக, அதாவது இரண்டு டேக்குக்கு நடுவில் அடைத்த ஒரு துண்டாக, போடுவோம். அங்கே ஊர் கிடையாது. வெறும் பேர்.

காரக்கோணம் அக்கா பிரசவத்துக்குப் போன பிறகு, அவள் அடித்த சில அத்தியாயங்கள் பிழையென்று திரும்பி வந்தன. யாருடையவை என்று பார்க்க, கம்பெனி நடத்திய சார் கோப்புகளைச் சலித்தெடுக்கும் ஒரு ஸ்டைல்ஷீட் எழுதினார். திரும்பி வந்தவற்றின் பேர்க் கணுக்கள் ஒரு கூட்டம். பொழியூர் அக்காவின் மேசையிலிருந்து போனவற்றின் பேர்க் கணுக்கள் இன்னொரு கூட்டம். இரண்டிலும் இருப்பதை எடு. நடுவில் அவர் போட்டது சமக்குறி. அது எந்தக் கணு என்று பார்க்காது. உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் பார்க்கும். எழுத்து ஒன்றாயிருந்தது. பழி முழுதும் பொழியூர் அக்கா தலையில்.

"சாரே, பேருதான் ஒண்ணு. ஆளு ரெண்டாக்கும்," என்றாள் அவள். "அவ சோறு தின்னா எனக்கு வயிறு நெறையுமா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். சார் சிரிக்கவில்லை. "ஸ்க்ரீன்ல உன் பேரு உண்டல்லோ," என்றார். தினமும் இருவரையும் ஊர் சொல்லி விளித்த வாய் அது. அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார். கடல் அவள் வீட்டுப் பின்சுவரைக் கொண்டுபோன மழைக்காலம். அந்தச் சம்பளத்தில்தான் சுவர் எழ வேண்டும்.

அடுத்த வாரம் சார் தானே தன் ஸ்டைல்ஷீட்டின் தவறைக் கண்டுபிடித்தார். எங்களைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். ஒரு கணுவைக் கூட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டுமாம். எண்ணிக்கை கூடாவிட்டால் அது முன்பே உள்ளே இருப்பது. கூடினால் அது வேறு. எழுத்து ஒன்றானாலும் வேறு.

"அப்போ பொழியூர் அக்காவ விளிக்கட்டா சாரே?" என்று கேட்டேன்.

"அது கழிஞ்ச காரியமாக்கும்," என்றார்.

ஸ்டைல்ஷீட்டைத் திருத்த ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. ஆளைத் திருப்பி விளிக்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் நாற்காலியில் ஏற்கெனவே வேறொருத்தி. எண்ணிப் பார்த்தால் அறையில் ஆள் குறையவில்லை; சாருக்கு அது போதும்.

சுவர் எழவில்லை. அக்கா குடும்பம் திருப்புறம் என்ற ஊருக்கு வாடகைக்குப் போனது.

கீபோர்டை நான் துடைத்து வைக்கிறேன். அந்தக் கட்டைகளில் வாசிக்க ஒன்றுமில்லை. யார் கை பட்டது என்று எனக்குத் தெரியும்.